ரெஜினாவில் ஏற்றிய கற்கள்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காலை 150/90. மாலை 158/95. உப்பு மீன் தின்றிருக்கிறான். கேட்டால் இல்லை என்கிறான். விரலை மோந்து பார்த்தேன்.

ஹெஸ்ரனின் ரத்த அழுத்தத்தை எழுதிவைக்கத்தான் அகத்தா நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்தாள். பதினாலு மாதமாக எண்களுக்குக் கீழே மற்றதெல்லாம் வந்து விழுகிறது.

இன்று பக்கத்துத் தீவு கேரியக்கூவுக்கு மூன்று நடை. ஆட்கள் பதினொன்று, வெங்காய மூட்டை இரண்டு, காஸ் சிலிண்டர் ஒன்று, ஒரு கிடா. கிடா டீச்சரம்மாவின் பையில் மூத்திரம் பெய்துவிட்டது. அவர் ஆட்டுக்காரனை விட்டுவிட்டு என்னோடு சண்டை போட்டார். "படகு உன்னுதுதானே?"

என்னுடையதா? ஹெஸ்ரன் தன் கையால் பலகை இழைத்துக் கட்டியது. இருபது அடி. பெயர் ரெஜினா. யார் அந்த ரெஜினா என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "ஒரு வாத்தியாரம்மா" என்றான். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. பக்கவாதத்தில் அவனுக்கு இடது கையும் காலும் விழுந்த பிறகு நான்தான் ஓட்டுகிறேன். அவன் வராந்தாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். கரை சேர்ந்து மேலே ஏறி வந்ததும், "இன்னிக்கும் திரும்பறப்ப வேகத்தக் கொறைக்கல" என்பான். ஒரு நாளாவது நல்லா ஓட்டினாய் என்று சொல்ல வாய் வராது.

ஆகஸ்ட் 21, வியாழன்

அட்லாண்டிக் நடுவில் ஒரு புயல் பிறந்திருக்கிறதாம். வெர்னா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஹெஸ்ரனின் அக்கா பெயர். கடையில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. "நாத்தனார் வர்றாங்களாமே ஜெல்மா, கோழி அடிச்சாச்சா?"

"அவ எப்ப சொல்லிட்டு வந்தா? வந்துட்டுப் போனா வீட்டுல ஒரு சாமான் மிஞ்சாது" என்றேன். நானும்தான் சிரித்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை என்கிறார்கள். நேராக எங்கள் மேல்.

புரூக்ளினிலிருந்து நிஜ வெர்னா போன் செய்தாள். "என் பேரைக் கெடுத்துட்டானுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஹெஸ்ரன் போனை வாங்கி அவளைத் தேற்றினான். அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"நாளைக்கே ரெஜினாவக் கழிக்குக் கொண்டு போ. என் இடம் தெரியுமில்ல? பெரிய அலையாத்தி மூணு நிக்கிற மூலை. மரத்துக்கு ரெண்டு கயிறு. காத்து உள்ளயே வராது."

சரி என்றேன். அலையாத்திக் காட்டுக்குள் கடல் ஒதுங்கிக் கிடக்கிற இடம் அது. இரண்டு புயலில் அங்கேதான் கட்டினான். இரண்டிலும் படகு பிழைத்தது. அப்போது அவனுக்கு இரண்டு கை இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

162/98.

கழிக்குப் போனேன். கழியின் வாயில் நுழைந்ததுமே வேகத்தைக் குறைத்தேன். எங்கெங்கோ இருந்து வந்த உல்லாசப் படகுகள், பெரிசு பெரிசாக, பதினொன்று எண்ணினேன். குறுக்கும் நெடுக்கும் கயிறு. சிலந்தி வலைக்குள் படகோட்டுவது போல இருந்தது. ஒரு வெள்ளைக்காரன் மேல்தட்டிலிருந்து "இடமில்லை, இடமில்லை" என்று கை ஆட்டினான். எங்கள் கழியில்.

பெரிய அலையாத்தி மூன்று நிற்கிற மூலையில் காஸ்னலின் மீன்பிடிப் படகு. காஸ்னல் ஹெஸ்ரனின் சித்தப்பா மகன். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டான்.

"அண்ணனால முடியலையே, இந்த வருஷம் நீங்க இங்க வரமாட்டீங்கன்னு நெனச்சுட்டேன் அண்ணி. தப்புதான். என் பக்கத்துல கட்டுங்க. ரெண்டும் சேந்து கெடக்கட்டும்."

அவன் படகு முப்பத்தைந்து அடி. அவனுக்குப் பின்னால் ஐம்பது அடி நீளத்தில் ஓர் உல்லாசப் படகு. அதில் ஒரு கயிறு அறுந்தால் போதும். நடுவில் ரெஜினா, துருவியில் வைத்த ஜாதிக்காய்.

அதைவிட ஒன்று சொன்னான். படகிலேயே இருக்கப் போகிறானாம், புயல் முடியும் வரை. கயிறு தளர்ந்தால் இறுக்க வேண்டுமாம்.

"பைத்தியமா காஸ்னல்? ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

"அந்த ரெண்டும் சாப்பிடறது இதாலதான் அண்ணி."

திரும்பி வந்துவிட்டேன். கரையில் ஏற்றலாமென்றால் பன்னிரண்டு ஆள் வேண்டும். எல்லா ஆம்பிளைகளும் அவரவர் கூரை மேல் நிற்கிறார்கள், வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு. ஏற்றினாலும் என்ன, போன புயலில் கரையிலிருந்த படகு ஒன்று போய் மாதா கோயில் சுவரில் சொருகிக்கொண்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கோயிலில் பாதிரியார், ஆண்டவர் கடலை அதட்டி அடக்கிய கதையைப் படித்தார். நான் ரெஜினாவை நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னிக்கட்டும்.

நான் பிறந்தது தீவின் காற்றுப்பக்கம். அங்கே கழி கிடையாது, மரம் கிடையாது. புயல் வந்தால் படகில் கல்லேற்றி, மணலடியில் முக்கிவிடுவார்கள். தண்ணீருக்கு மேலேதான் புயல், கீழே இருப்பதை அது என்ன செய்யும் என்பார்கள். சாப்பிடும்போது ஹெஸ்ரனிடம் சொன்னேன்.

கரண்டியைத் தட்டில் போட்டான்.

"முக்கறதா? என் படகையா?"

"கழியில இடமில்ல ஹெஸ்ரன். நான் கண்ணால பாத்தேன்."

"இடத்த உண்டாக்கணும். அவனுங்ககிட்ட பேசணும். படகக் கட்டிக் காப்பாத்துறவன் மனுசன். முக்கிட்டு ஓடுறவன் காத்துப்பக்கத்தான்."

"நான் காத்துப்பக்கந்தான்."

"அதான் தெரியுதே. நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது தண்ணிக்கு மேலதான் இருக்கும்."

அவன் வாயின் இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது. துடைக்கப் போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

165/100. இனிமேல் பேசக்கூடாது. பேசினால் அவனையே இழப்பேன். பேசாவிட்டால் படகை. என்ன செய்ய? என்ன செய்ய ஜெல்மா?

ஆகஸ்ட் 25, திங்கள்

செய்துவிட்டேன்.

காலையில் பக்கத்து வீட்டு லாயிட் வந்து எஞ்சினைக் கழற்றிக் கைவண்டியில் வைத்துத் தள்ளி, சமையலறையில் இறக்கித் தந்தான். அது எப்போதும் செய்வதுதான். ஹெஸ்ரன் பார்த்துக்கொண்டிருந்தான். "கழிக்குத்தானே?" என்றான். "ஆமா" என்றேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

தனியாகத் துடுப்புப் போட்டு முனையைச் சுற்றினேன். முனைக்கு உள்ளே சின்ன வளைவு ஒன்று இருக்கிறது. அடி முழுக்க மணல். ஓர் ஆள் ஆழம், அதற்கு மேல் இன்னும் பாதி. கரையிலிருந்து கல் பொறுக்கினேன். பலகை தேயாமல் இருக்கப் பழைய வலையை உள்ளே விரித்து, அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்தேன். எத்தனை கல் என்று எண்ணவில்லை. மூன்று மணி நேரம். வானம் நல்ல நீலம், ஒரு மேகம் கிடையாது. பறவை ஒன்றுகூட இல்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

முன்னுக்கும் பின்னுக்கும் நங்கூரம் போட்டேன். பின்பக்கத்து அடைப்பைப் பிடுங்கினேன். பிள்ளை பால் குடிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு தண்ணீர் உள்ளே வந்தது. நானும் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன், இடுப்பு வரை ஏறும் வரை. பிறகு அவள் என்னை விட்டுவிட்டுக் கீழே போனாள். பச்சைத் தண்ணீரில் அவன் எழுதிய பெயர் தெரிந்தது, ரெ-ஜி-னா. அப்புறம் அதுவும் தெரியவில்லை.

அதே இடத்தில் நீந்தியபடி கரையைப் பார்த்தேன். கோயில் கூரையின் சிலுவைக்கு நேர் கீழே கடல்திராட்சை மரம். மறுபக்கம் வெள்ளைப் பாறையிலிருந்து நேராக ஒரு கோடு. இந்த இரண்டு கோடும் வெட்டுகிற இடம். மனசில் குறித்துக்கொண்டேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். விரல் முனை எல்லாம் கிழிந்திருந்தது.

"எத்தன கயிறு?"

"ஏழு."

"ஏழா! நல்லாக் கட்டிருக்க." சிரித்தான். "பயப்படாத ஜெல்மா. ரெஜினா பத்திரமா இருக்கா."

பதினாலு மாதத்தில் முதல் தடவையாக நல்லா என்ற சொல். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காலை 8.20. குளியலறையில் இருக்கிறோம். வீட்டில் இதற்கு மட்டும்தான் கான்கிரீட் சுவர். அவனை நாற்காலியோடு உள்ளே இழுத்துவந்தேன். நோட்டு பிளாஸ்டிக் பையில்.

9.05. காற்று ஊளையிடுவதாகச் சொல்வார்கள். இல்லை. இது அரைக்கிறது.

9.40. கூரையில் ஆணி பிடுங்குகிற சத்தம். ஒவ்வொன்றாக. ஹெஸ்ரன் என் கையைப் பிடித்திருக்கிறான். "கழிக்குள்ள இதுல பாதி காத்துகூட இருக்காது. ரெஜினாவ நெனச்சுக்க. நாளைக்கே வேலைக்குப் போயிடலாம்" என்கிறான். தலையாட்டுகிறேன். கடவுளே, தலையாட்டுகிறேன்.

காது வலிக்கிறது. சுவர் மூச்சு விடுகிறது.

கூரை போய்விட்டது.

11.10. சத்தம் நின்றுவிட்டது. தலைக்கு மேலே வெயில். இது பாதிதான். மறுபாதி எதிர்ப்பக்கமிருந்து வரும். கழி அந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருக்கிறது. அங்கே காஸ்னல் இருக்கிறான். ஹெஸ்ரனுக்கும் அது தெரியும்.

வருகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

உயிரோடு இருக்கிறோம். எழுத நேரமில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன் – கேரியக்கூ

ஒரு தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

மழையும் காற்றும் ராத்திரி முழுக்க விடவில்லை. விடிந்ததும் கதவைத் திறந்தால் வேறு தீவு. ஒரு மரத்திலும் இலை இல்லை. குன்று தீயில் எரிந்த மாதிரி பழுப்பு. கோயிலுக்குக் கூரை இல்லை. ஹெஸ்ரனை நாற்காலியில் வைத்து நானும் லாயிடும் தெருவுக்குத் தூக்கிவந்தோம். சமையலறைச் சுவர் எஞ்சின் மேல் விழுந்து கிடந்தது.

எட்டு மணி வாக்கில் நான்கு பேர் ஒரு கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவின் மேல் காஸ்னல். இரண்டாவது காற்றில் உல்லாசப் படகுகள் எல்லாம் ஒரே கொத்தாக அறுந்து மூலைக்கு வந்து குவிந்துவிட்டனவாம். அவன் கால் நடுவில் மாட்டிக்கொண்டது. முட்டிக்குக் கீழே பார்க்க முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. "அண்ணி, நீங்க பக்கத்துல கட்டாம போனது நல்லதுதான்" என்றான். அந்த நிலையில்.

அகத்தா நர்ஸ் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். எழுந்து என்னைத் தள்ளிக் கூட்டிப்போனாள். "பாதம் சில்லுனு இருக்கு. இன்னிக்கே டாக்டர்கிட்ட போகணும். நாளைக்கின்னா ஆளே இருக்கமாட்டான்."

போன் இல்லை. ரேடியோக் கம்பம் விழுந்து கிடக்கிறது. படகு? கழியிலிருந்து வந்தவன் கையை விரித்தான். "ஒண்ணு மிச்சமில்ல. எது யாரோடதுன்னே தெரியல. எல்லாம் விறகு."

ஹெஸ்ரன் அதைக் கேட்டான். "ரெஜினாவுமா?" என்று கேட்டான். நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அப்பா செத்தபோதுகூட அழாத ஆள்.

ஊரே நின்றுகொண்டிருந்தது. எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ரெஜினா கழியில இல்ல. முனைக்கு உள்ள முக்கி வெச்சிருக்கேன்."

கையை எடுத்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத மாட்டேன்.

"ஏழு கயிறுன்னியே."

"பொய்."

காஸ்னல் முனகினான். ஹெஸ்ரன் அவன் பக்கம் திரும்பினான், பிறகு லாயிடைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "சுவத்த எடுத்துட்டு எஞ்சின இங்க கொண்டு வா. என் காலடியில வை. மத்தவங்க போய்ப் படகத் தேடுங்க" என்றான்.

முனைக்கு ஓடினோம், பதினைந்து பேர். கடல்திராட்சை மரம் இல்லை. கோயில் கூரை இல்லை, சிலுவை இல்லை. வெள்ளைப் பாறை மட்டும் நின்றது. ஒரு கோட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? தண்ணீர் சேற்றுக் காப்பி. கையை நீட்டினால் விரல் தெரியாது. பாறையிலிருந்து நேர்கோட்டில் வரிசையாக நீந்தி, முங்கி முங்கி மணலைத் தடவினோம். ஒரு மணி நேரம். பிறகு இன்னொரு மணி. அவளையும் புயல் இழுத்துப் போயிருந்தால்? ஊரையே இங்கே முங்க வைத்துவிட்டு, அங்கே காஸ்னல் செத்துக்கொண்டிருந்தால்?

கடைசியில் கத்தியது டீச்சரம்மாதான். பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு முங்கி முங்கி எழுந்தவர். "கல்லு! வலைக்குள்ள கல்லு!"

பாதி மணலுக்குள் புதைந்திருந்தாள். மணலைக் கையால் அள்ளினோம். கல்லை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே தள்ளினோம். பாதிக் கல் போனதும் ஒரு பக்கம் அசைந்தது. பிறகு என் காலுக்கடியில் ஏதோ மெதுவாக எழும்பி வந்தது. மாடு எழுந்து நிற்பது போல. அழுதோமா சிரித்தோமா தெரியாது. வாய் நிறைய உப்பு.

ஒரு பலகை மூட்டு விட்டிருந்தது. துணியும் சோப்புக் கட்டியும் வைத்து அடைத்து, நான் பிடுங்கிய அடைப்பின் ஓட்டையிலும் துணியைத் திணித்து, தண்ணீரை இறைத்து, கரைக்கு இழுத்துவந்தோம். ஹெஸ்ரன் அங்கே எஞ்சினைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் காட்ட, லாயிட் துடைத்துத் துடைத்துப் பூட்டினான். ஏழெட்டு இழுப்புக்குப் பிறகு இருமிப் பிடித்தது.

நான், அகத்தா நர்ஸ், தண்ணீர் இறைக்க லாயிட், கதவோடு காஸ்னல். கிளம்பும்போது ஹெஸ்ரன் பேசினான். என்னிடம்தான், ஆனால் கடலைப் பார்த்து. "மரம் மெதக்கும். வேகமாப் போகாத."

கடலெல்லாம் கூரைத் தகடு, உத்தரம், செத்த ஆடு. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தோம். இங்கேயும் எல்லாம் போய்விட்டது, ஆனால் கூடாரத்தில் ஒரு டாக்டர் இருந்தார். இன்று காலை கடலோரக் காவல் கப்பலில் காஸ்னலைப் பெரிய தீவான கிரனடாவுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருக்கும் என்கிறார்கள். காலைப் பற்றிப் பேச்சில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

திரும்பிவிட்டேன். தினமும் ஐந்து நடை, ஆறு நடை. போகும்போது காயம்பட்டவர்கள், வரும்போது குடிதண்ணீர். பள்ளிக்கூடத்தின் ஒரு அறையில் எட்டுக் குடும்பம், நாங்களும் அதில்.

ஹெஸ்ரன் என்னோடு பேசவில்லை. சோறு தந்தால் தின்கிறான். மாத்திரை தந்தால் விழுங்குகிறான். அழுத்தம் பார்க்கும் கருவி புயலோடு போய்விட்டது. அதனால் எழுத எண் இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

இன்றும் பேசவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவனைக் குளிப்பாட்டும்போது குவளையை வீசிவிட்டேன்.

"முக்கலன்னா ரெஜினா இப்ப விறகு! காஸ்னல் மண்ணுக்குள்ள! இன்னும் என்ன வேணும் உனக்கு? சொல்லு!"

சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தான். முகத்து நுரையை நல்ல கையால் வழித்துவிட்டுச் சொன்னான்.

"முக்கினதுக்கு இல்ல."

"பின்ன?"

"கூரை போற நேரத்துல உன் கையப் புடிச்சுக்கிட்டு ரெஜினா இருக்கா, ரெஜினா இருக்கான்னு தைரியம் சொல்லிட்டிருந்தேன். நீ தலைய ஆட்டின. கொழந்தைக்கு ஆட்டற மாதிரி. எனக்குக் கைதான் போச்சு ஜெல்மா. காது இருக்கு. சொல்லிருந்தா தாங்கிருப்பேன்."

"சொல்லிருந்தா விட்டிருப்பியா?"

யோசித்தான். "மாட்டேன்."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"தெரியல." குவளையைப் பார்த்தான், அது கழிவுநீரில் கிடந்தது. "நீ செஞ்சது சரிதான். அது எனக்குத் தெரியுது. தெரியறது வேற, ஆறுறது வேற. கொஞ்சம் நாள் குடு."

பயம் என்றேன். அன்றைக்குப் புயலைவிட உன் முகத்துக்குத்தான் பயந்தேன் என்றேன். அவன் குனிந்துகொடுத்தான். முதுகைத் தேய்த்துவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

காஸ்னல் பிழைத்துவிட்டான். வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். சொல்லியனுப்பியிருக்கிறான்: "அண்ணன்கிட்ட சொல்லுங்க, அவருக்கு எடது, எனக்கு வலது. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஜோடி செருப்பு போதும்."

ஹெஸ்ரன் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. அப்புறம் வெகுநேரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரெஜினாவைக் கரையில் கவிழ்த்துப்போட்டு மூட்டுவிட்ட பலகையை மாற்றுகிறோம். லாயிட் அடிக்கிறான், நான் தார் காய்ச்சுகிறேன், ஹெஸ்ரன் நாற்காலியில் இருந்துகொண்டு திட்டுகிறான்.

மத்தியானம் வடக்குத் தீவிலிருந்து இரண்டு படகுக்காரர்கள் வந்தார்கள். இந்தப் பக்கத்தில் முழுசாக நிற்கிற மரப்படகு இது ஒன்றுதான் என்று கேள்விப்பட்டு வந்தார்களாம். சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். அடிப்பலகையைத் தட்டினார்கள். பெரியவர் ஹெஸ்ரனிடம் கேட்டார்: "எப்பிடிப்பா தப்பிச்சுது?"

தார்ச்சட்டியைக் குச்சியால் கிண்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கட்டலயே. கல்லேத்தி முக்கினோம்" என்றான் ஹெஸ்ரன். "அடியில பழைய வலைய விரிச்சோம், பலகை தேயக்கூடாதில்ல. பெரிய கல்ல நடுவுல வெச்சோம். வெள்ளப் பாறைக்கு நேரா, நல்ல மணலாப் பாத்து எறக்கினோம்."

பெரிய கல்லை நான் நடுவில் வைக்கவில்லை. கைக்கு வந்ததை வந்த இடத்தில் வைத்தேன்.

"காத்துப்பக்கத்து வேலையாச்சே இது" என்றார் அந்தப் பெரியவர்.

"ஆமா" என்றான். "என் வீட்டுக்காரி அந்தப் பக்கம்."

தார் பொங்கி வந்தது. சட்டியை இறக்கிவைத்தேன்.